மூன்று கேமராக்களும் ஓர் ஆணியும்

செண்பகம் அக்கா வீட்டு ஹாலில், டிவிக்கு மேலே ஓர் ஆணி இருக்கிறது. மூன்று வருடமாக அதில் அரிசி மில் காலண்டர் தொங்குகிறது. ஆனால் அது காலண்டருக்காக அடித்த ஆணி இல்லை. நான் எடுத்த ஒரு படத்துக்காக அடித்தது. அந்தப் படத்தை நானே அழித்துவிட்டேன்.

எனக்கு மதுரையில் உயிரியல் டீச்சர் வேலை. சனி, ஞாயிறுகளில் கண்மாய்க் கரையில் உட்கார்ந்து பறவைகளைப் படம் எடுப்பேன். தோளை இழுக்கிற டிஎஸ்எல்ஆர் கேமரா, முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸ். பறவைகளிடம் எனக்குப் பிடித்த குணம், ‘இதில் குண்டாத் தெரியறேன், அழிச்சிடு’ என்று ஒருநாளும் சொல்லாததுதான். பறவையை எடுத்த திமிரில் மனிதர்களையும் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். அக்கா மகள் நித்யாவின் நிச்சயதார்த்தத்துக்குத் திருவனந்தபுரம் போனபோது, “ஸ்டுடியோக்காரன் எதுக்கு? நான் இருக்கேன்ல” என்று பெருமையாகச் சொன்னேன்.

நன்றாகத்தான் எடுத்தேன். அதில் ஒரு படத்தில் அத்தானும் அக்காவும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, எதற்கோ ஒன்றாகச் சிரிக்கிறார்கள். அத்தான் கேமராவுக்கு முன்னால் சிரித்ததே கிடையாது. கல்யாணப் படத்தில்கூட ரேஷன் கார்டுக்கு நிற்கிற மாதிரிதான் நிற்பார். அதனால் கேமராவின் சின்னத் திரையில் அதைக் காட்டியதும் அக்கா அன்றைக்கே ஆளைக் கூப்பிட்டு ஆணி அடித்துவிட்டாள். நான் மதுரைக்கு வந்து, கண்ணாடி போடாமல் எதையோ அழுத்தினேன். “எல்லாவற்றையும் அழிக்கவா?” என்று கேமரா மரியாதையாகக் கேட்டிருக்கிறது. நானும் மரியாதையாக ‘ஓகே’ கொடுத்திருக்கிறேன். அது தெரியாமல் அதே கார்டில் ஒரு மீன்கொத்தியை ஐம்பது கோணங்களில் எடுத்தும் வைத்தேன்.

அக்கா திட்டவில்லை. “பரவாயில்லட்டி” என்றாள். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு திட்டு திட்டியிருப்பேன், அன்றோடு முடிந்திருக்கும். அந்தப் ‘பரவாயில்ல’ மூன்று வருடமாக என் தொண்டையிலேயே நிற்கிறது.

இப்போது நித்யாவுக்கு ஏழாம் மாதம், வளைகாப்பு. அக்கா ஃபோன் செய்தாள். “எதுல வேணும்னாலும் எடு. ஆனா நீதான் எடுக்கணும். அந்த மாதிரி ஒண்ணு, ஒரே ஒண்ணு மதி.”

மதி என்றால் அங்கே போதும் என்று அர்த்தம். எனக்குத் தெரிந்த நாலே நாலு மலையாள வார்த்தைகளில் அதுவும் ஒன்று. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆணியைப் பிடுங்காமல் இவள் எனக்காகக் காத்திருந்திருக்கிறாள். அதற்குள் அத்தான் ஃபோனை வாங்கிவிட்டார்.

“மல்லி, ஒரு நாலு நாள் முன்னாடியே வா. உன் பீரங்கியா, என் சின்னக் கேமராவா, நித்யா ஃபோனான்னு பரீட்சை வச்சுப் பாத்துத்தான் முடிவு செய்யணும். போன தடவை மாதிரி ஆகப்பிடாது, கேட்டியா.”

கேட்டேன். பள்ளியில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ரயிலேறினேன்.

ரயிலில் எதிர் சீட்டுக்காரர் என் கேமராப் பையையே பார்த்துக்கொண்டு வந்தார். கடைசியில் பொறுக்க முடியாமல், “எந்தச் சேனல்?” என்றார். “சேனல் இல்ல சார், வளைகாப்பு” என்றேன். அதற்குப் பிறகு ரொம்ப அன்பாகிவிட்டார். நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்தைப் பிரித்து நடுவில் வைத்தார். நான் இட்லிப் பொடி தடவிய இட்லியைக் கொடுத்தேன். பொடியில் என்னென்ன சேர்ப்பீர்கள் என்று கேட்டு, ஃபோனில் குறித்துக்கொண்டார். திருவனந்தபுரம் வந்ததும் எழுந்து, “செரி டீச்சரே, காணாம்” என்றார்.

நான் பதறிப்போய் சீட்டுக்கு அடியில் குனிந்தேன். “என்ன சார் காணாம்? செருப்பா? கண்ணாடியா?” என்று கேட்டுக்கொண்டே தடவினேன். கையில் கிடைத்தது ஒரு காலி தண்ணீர் பாட்டில்தான். நிமிர்வதற்குள் மனிதர் கையை ஆட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். தொலைத்த பொருளைத் தேடாமல் சிரித்த முகத்தோடு போகிறாரே, என்ன ஒரு பக்குவம் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் ஊரில் ஒரு குடை தொலைந்தால் பெட்டியில் இருக்கிற அத்தனை பேரும் எழுந்து நிற்க வேண்டியிருக்கும்.

பிளாட்பாரத்தில் இறங்கியதும் ஆசையாக முதல் படம் எடுத்தேன். திரையில் வெள்ளை வெளேரென்று பால்கோவா மாதிரி ஏதோ தெரிந்தது. ஏசிப் பெட்டியில் குளிர்ந்திருந்த லென்ஸ், வெளியே வந்ததும் இந்த ஊர் ஈரக்காற்றில் வியர்த்துவிட்டது. துடைத்தால் மறுபடி வியர்த்தது. அரை மணி நேரம் அதற்கு முந்தானையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பரீட்சை தொடங்கும் முன்பே என் கட்சி ஒரு மதிப்பெண் இழந்தது.

அத்தானுக்குச் சாலைக் கடைவீதியில் அரிசிக்கடை. அவருடைய குடும்பம் நாஞ்சில் நாட்டிலிருந்து வந்தது. கடையில் தமிழும் மலையாளமும் ஒரே மூட்டையில் கொட்டிய மட்டையரிசியும் பொன்னியும் மாதிரிக் கலந்து கிடக்கும். மறுநாள் காலை பீரங்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு கடைக்குப் போனேன்.

கடையை எட்டுவதற்குள் நான் பத்திரிகைக்காரியாகிவிட்டேன். மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஒருவர் ஓடி வந்து என்னை மறித்தார். இந்தச் சாக்கடையைத் தோண்டிப் போட்டு மூன்று மாதமாகிறது, ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை, இதை எடுத்துப் போடுங்கள் என்றார். எடுத்தேன். இன்னொருவர் அவரை விலக்கிவிட்டு, அது பரவாயில்லை, எங்கள் பக்கத்துச் சாக்கடையைப் பாருங்கள் என்று அழைத்துப் போனார். அதையும் எடுத்தேன். மூன்றாவது சாக்கடைக்குப் பக்கத்தில் ஒரு பெண்மணி தலையை வாரிக்கொண்டு தயாராக நின்றார். பேட்டி கொடுப்பதற்காம்.

அத்தானோ லென்ஸைக் கண்டதும் சட்டையின் மேல் பட்டனைப் போட்டார். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார். நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கிறவர்கள்கூட நடுவில் ஒருமுறை மூச்சை விடச் சொல்வார்கள். இவர் நான் இருபது படம் எடுக்கிற வரை விடவில்லை.

“சிரிங்கத்தான்.”

“சிரிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்.”

முகத்தில் ஒரு இடத்திலும் தெரியவில்லை. வியாபாரத்தில் அந்த முகம் உபயோகப்படும் போலிருக்கிறது. விலை கேட்கிறவனுக்கு உள்ளே என்ன நினைக்கிறார் என்று ஒன்றும் பிடிபடாது.

“இதை உள்ள வை” என்று சொல்லிவிட்டு, மூலையிலிருந்த தகர டின்னைத் திறந்தார். முழங்கை வரை கையை அரிசிக்குள் விட்டுத் துழாவினார். ஒரு மஞ்சள் துணிப்பை வெளியே வந்தது. அதற்குள் அவருடைய சின்னக் கேமரா. சட்டைப் பையில் அடங்குகிற, பத்து வருஷத்துப் பழசு. இந்த ஊரில் மழை ஆரம்பித்தால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்துவிடும். அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பது அத்தானின் கண்டுபிடிப்பு.

“உள்ளங்கையளவுதான் இருக்கு. தப்பா அமுக்குறதுக்கு இதுல பட்டனே கிடையாது. அதுதான் உனக்கு வேண்டியது” என்றார். எனக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆனால் மீன்கொத்தி விஷயத்தில் எனக்கு வாய் கிடையாது.

அடுத்த நாள் ஃபோனின் முறை. நித்யா தன் புதிய ஃபோனை ஒரு நாளைக்கு எனக்குக் கொடுத்து, என் ஃபோனை அவள் வைத்துக்கொண்டாள். இந்தக் காலத்தில் ஒரு பெண் தன் சித்திக்குச் செய்யக்கூடிய ஆகப்பெரிய தியாகம் இதுதான்.

“சித்தி, இதுல எடுத்தா உடனே எல்லாருக்கும் போயிரும். அழிச்சாலும் எங்கயாவது ஒரு காப்பி இரிக்கும். உங்களுக்கு இதுதான் சேஃப்” என்றாள். குடும்பத்தில் ஆளுக்கொரு ஊசி வைத்திருந்தார்கள்.

அக்காவைச் சமையலறையில் வைத்து எடுத்தேன். ஃபோன் அவளுடைய கன்னத்துச் சுருக்கம், நெற்றித் தழும்பு எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, சோப்பு விளம்பரத்தில் வருகிற பெண்ணாக்கிவிட்டது. அக்கா ரொம்ப நேரம் பார்த்தாள்.

“இது யாருட்டி?”

“அம்மா, அடிபொளி!” என்றாள் நித்யா.

“நல்லாத்தான் இரிக்கு. ஆனா இவ கையில என் கரண்டி எப்படி வந்தது?” என்றாள் அக்கா.

அத்தானிடம் போனேன். ஃபோனை முகத்துக்கு நேரே நீட்டியதும் அவர் குனிந்து திரைக்குள் பார்த்து, “கேக்குதா? நல்லா கேக்குதா? அங்க மழையா?” என்று கத்தினார். ஃபோனை நீட்டினால் அவருக்கு அது வீடியோ கால்தான். இது படம் என்று சொன்னேன். உடனே பட்டன், மூச்சு, எக்ஸ்ரே.

மத்தியானம் தனியாக மியூசியம் தோட்டத்துக்குப் போய் மரம், மழை, குடைகள் என்று எடுத்துத் தள்ளினேன். பொய் சொல்லக்கூடாது, ஃபோன் நன்றாக எடுத்தது. யாரும் என்னைச் சாக்கடைக்கு அழைக்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் வீட்டுக்குத் திரும்ப, பெரிய கோயில் இருக்கிற கிழக்கேகோட்டைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினேன். ஏறியதாக நினைத்தேன். மழைச் சத்தத்தில் கண்டக்டர் கழக்கூட்டம் என்று கத்தியது என் காதில் கிழக்கேகோட்டை என்று விழுந்திருக்கிறது. பஸ்ஸின் போர்டில் எழுதியிருந்ததை நான் படிக்கவும் செய்தேன். மலையாள எழுத்தில் பாதி தமிழ் மாதிரியே இருக்கும், மீதியை நாமே நிரப்பிக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். கோயில் கோபுரம் இப்போது வரும், இப்போது வரும் என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டே போனேன். வந்ததெல்லாம் கண்ணாடிக் கட்டடங்களும் கழுத்தில் அட்டை மாட்டிய ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகளும்தான்.

இறங்கி ஃபோன் செய்யலாம் என்று எடுத்தால் சார்ஜ் தீர்ந்திருந்தது. நூற்றுக்கணக்கில் மரத்தை எடுத்தால் தீராமல் என்ன செய்யும்? கேமராவில் சார்ஜ் தீர்ந்தால் படம் மட்டும்தான் போகும். ஃபோனில் தீர்ந்தால் ஆளே போய்விடுகிறோம். அங்கே ஒரு சாயாக்கடையில் புகுந்தேன். கடைக்காரர் சார்ஜரை நீட்டினார், கேட்காமலே ஒரு பழம்பொரியும் வைத்தார். கொதிக்கக் கொதிக்க வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்திருந்தது. எங்கள் ஊர் வாழைக்காய் பஜ்ஜிக்கு இது தித்திப்பான சித்தப்பா மகள். மூன்று தின்றேன். வழி தவறியதில் வருத்தம் ஒன்றும் மிச்சமில்லை. வீட்டில்தான் அக்கா வாசலுக்கும் ஹாலுக்கும் நடந்துகொண்டிருந்தாளாம்.

மூன்றாம் நாள் சாயந்தரம் சின்னக் கேமராவின் பரீட்சை. அத்தான், அக்கா, நான் மூவரும் சங்குமுகம் கடற்கரைக்குப் போனோம். அவருடைய சொந்தக் கேமரா, அதனால் அவர் படத்துக்குள் நிற்கவே மாட்டேன் என்கிறார். இரண்டு அடி போய் நிற்பார். உடனே திரும்பி வந்து, “விரல் லென்ஸ் மேல படுது பாரு” என்பார். போவார். “அந்தப் பூப் படம் போட்ட குறியை மாத்து” என்று வருவார். அக்கா தனியாகக் கடலுக்கு முன்னால் நின்று அலுத்துப்போய் வேர்க்கடலை வாங்கப் போய்விட்டாள். கடைசியில் இரண்டு பேரையும் சேர்த்து நிறுத்தி, இப்போது எடுத்துவிடலாம் என்று அழுத்தினால், லென்ஸ் க்ர்ர் என்று பாதி வெளியே வந்து நின்றுவிட்டது. உள்ளேயும் போகவில்லை. ஆட்டிப் பார்த்தேன். உள்ளே கடகடவென்று சத்தம் கேட்டது.

“அத்தான், அந்தத் துணிப்பையில ஓட்டை இருக்கா?”

“சின்னதா ஒண்ணு.”

“அரிசி போயிருக்கு.”

“முழு அரிசி போகாது. நொய்யாத்தான் இருக்கும்” என்றார் அத்தான். துக்கத்திலும் தொழில் சுத்தம்.

ஆக, வேறு வழியில்லாமல் பீரங்கியே ஜெயித்தது. சின்னக் கேமராவை அத்தான் தன் கடைக்கு எதிரே ஃபோன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஷிபுவிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

வளைகாப்பு வீட்டிலேயே நடந்தது. நான் கண்ணாடியைக் கயிறு போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். கேமராவில் எந்தப் பட்டனைத் தொடக்கூடாதோ அதன் மேல் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டினேன். நித்யாவின் இரண்டு கைகளிலும் கண்ணாடி வளையல் முழங்கை வரை ஏறியது. கன்னத்தில் சந்தனம், நலங்கு, பாட்டு, சிரிப்பு. ஒன்றையும் விடவில்லை. “சித்தி, அதைக் கீழ வச்சிட்டு நீங்களும் வந்து வளையல் போடுங்க” என்று நித்யா கூப்பிட்டபோதுதான் நானும் அவளுக்குச் சொந்தக்காரி என்பது ஞாபகம் வந்தது.

சாப்பாட்டில் புளியோதரை, தேங்காய்ச் சாதம் எல்லாம் முடிந்த பிறகு இலையில் ஒரு போளியைப் போட்டு, அதன் மேலேயே பால் பாயசத்தை ஊற்றினார்கள். இனிப்புக்கு இனிப்பைத் தொட்டுக்கொள்கிற ஊர் இது. முதல் வாய்க்கு முன்னால் ஏளனம் செய்தேன். இரண்டாவது போளியை நானே கேட்டு வாங்கினேன்.

அத்தானையும் அக்காவையும் ஒன்பது தடவை சேர்த்து எடுத்தேன். ஒன்பதிலும் அக்கா சிரிக்கிறாள். ஒன்பதிலும் அத்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். சரி, வளைகாப்புப் படமாவது பத்திரமாக இருக்கட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். விருந்தாளிகள் போனதும் அக்கா, “காட்டு, காட்டு” என்று பறந்தாள். அவள் பறந்ததில் நானும் பறந்து, கேமராவின் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும்போதே கார்டை உருவி நித்யாவின் லேப்டாப்பில் செருகினேன்.

லேப்டாப் ஒரு நிமிடம் யோசித்தது. பிறகு, “இந்தக் கார்டைப் படிக்க முடியவில்லை. ஃபார்மேட் செய்யவா?” என்று கேட்டது.

கையை மவுஸிலிருந்து எடுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். அக்கா மெதுவாக வாயைத் திறந்தாள். “பரவா…”

“அதை மட்டும் சொல்லாதக்கா!” என்று கத்திவிட்டேன்.

அத்தான் கார்டை ஒரு உறையில் போட்டு ஷிபுவிடம் எடுத்துப் போனார். காலையில் பார்த்துச் சொல்கிறேன் என்றானாம்.

மறுநாள் மாலை எனக்கு ரயில். காலையில் மூவரும் கடைக்குப் போனோம். கடைப்பக்கமே வராத அக்கா, அன்று வந்து அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டாள். எதிரே ஷிபு தலையைக் குனிந்து வேலை செய்வது தெரிந்தது. அவனையும் பார்க்க முடியவில்லை, அக்காவின் முகத்தையும் பார்க்க முடியவில்லை. என் நம்பரை ஷிபுவிடம் கொடுத்துவிட்டு, தெருமுனைச் சாயாக்கடைக்குப் போய் நின்றேன். மூன்று வருடத்துக்கு முன்னால் அழித்தது என் கவனக்குறைவு. இதுவும் போனால் நான் என்ன முகத்தோடு இந்த ஊருக்கு இனி வருவேன்? அந்தக் குழந்தை பிறந்து, வளர்ந்து, “எங்கம்மா வளைகாப்புப் படம் எங்க?” என்று கேட்டால், சித்திப் பாட்டியைக் கேள் என்று சொல்வார்களே!

ஃபோன் அடித்தது.

“சேச்சீ, ஷிபுவாணு. படம் எல்லாம் காணாம். ஒரு குழப்பமும் இல்லா.”

வைத்துவிட்டான். கையில் இருந்த சாயாவை அப்படியே மேஜையில் வைத்தேன். எல்லாம் காணாம். அதில் குழப்பமே இல்லையாம்! ஒரு துளி சந்தேகத்தைக்கூட இந்தப் பையன் எனக்கு மிச்சம் வைக்கவில்லையே. கடைவீதி முழுக்க அழுதுகொண்டே நடந்தேன். அன்றைக்குச் சாக்கடையைக் காட்டிய ஆள் என்னைப் பார்த்து, தன் புகார்தான் இப்படி ஆக்கிவிட்டதோ என்று பயந்து ஒதுங்கி நின்றார்.

“அக்கா, எல்லாம் போச்சுக்கா” என்று அவள் மடியில் விழாத குறையாக நின்றேன். “ஷிபு சொல்லிட்டான். இந்தத் தடவையும் நான் கெடுத்துட்டேன். என்னைத் திட்டுக்கா. தயவுசெஞ்சு திட்டு.”

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை ஜில்லென்றிருந்தது. அத்தான் தராசுப் பக்கத்திலிருந்து எழுந்து வந்தார்.

“அழாத. அவன் என்ன வார்த்தை சொன்னான்? அப்படியே சொல்லு.”

“எல்லாம் காணாம்னான். ஒரு குழப்பமும் இல்லைன்னுட்டு வச்சுட்டான்.”

அத்தான் என்னைப் பார்த்தார். மீசைக்குக் கீழே ஏதோ நெளிந்தது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அரிசி மூட்டை மேல் சாய்ந்து, கடை அதிரச் சிரித்தார். அத்தான் சிரிக்கிறார்! அதுவும் என்னைப் பார்த்து!

“என்னத்தான் சிரிப்பு? மனுஷி உயிரே போற மாதிரி நிக்கிறேன், உங்களுக்குச் சிரிப்பா இருக்கா?” என்று கையை ஓங்கிக்கொண்டு கத்தினேன்.

“ஏட்டி மல்லி… காணாம்னா…” அவரால் பேச முடியவில்லை. அதற்குள் அக்காவுக்கும் புரிந்துவிட்டது. முப்பது வருடம் இந்த ஊரில் இருக்கிறவள். “அய்யோ, காணாமா!” என்று அத்தானின் தோளைப் பிடித்துக்கொண்டு அவளும் சிரிக்கத் தொடங்கினாள். சிரித்ததில் கண்ணில் நீர் வந்து வழிந்தது.

“காணாம்னா பாக்கலாம்னு அர்த்தம்” என்றார் அத்தான் ஒருவழியாக. “தொலைஞ்சிருந்தா அவன் காணானில்லான்னு சொல்லியிருப்பான். குழப்பம் இல்லான்னா ஒரு பிரச்சினையும் இல்ல. எல்லாப் படமும் இருக்கு. நல்லா இருக்கு!”

ஓங்கிய என் கை அப்படியே நின்றது. க்ளிக்.

ஷிபு தெருவைத் தாண்டி வந்து எங்கள் முன்னால் நின்றிருந்தான். கையில் அத்தானின் சின்னக் கேமரா. நொய்யைத் தட்டி எடுத்துவிட்டு, லென்ஸ் சரியாக வருகிறதா என்று பார்க்க எங்கள் மேல் ஒரு சோதனைப் படம் எடுத்திருக்கிறான். “சேச்சி எதுக்குக் கரையுது?” என்று ஒன்றும் புரியாமல் கேட்டான். படம் எல்லாம் இருக்கிறது என்று சொன்ன பிறகு ஒரு பெண்மணி தெருவெல்லாம் அழுதுகொண்டு போனால் அவனுக்கும் குழப்பமாகத்தானே இருக்கும்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் ரயிலில் வந்த மனிதர் ஞாபகத்துக்கு வந்தார். ஒன்றும் தொலைக்காத மனிதர். பார்க்கலாம் என்று சொன்னவருக்கு நான் செருப்புத் தேடியிருக்கிறேன்.

ஷிபு சொன்னான்: கார்டு கெடவில்லை, எழுதிக்கொண்டிருக்கும்போது உருவியதால் பட்டியல்தான் கலைந்தது. போன தடவை அழித்ததைக்கூட அப்போதே கொண்டுவந்திருந்தால் எடுத்திருக்கலாம். அதன் மேல் வேறு படம் எடுத்ததுதான் தப்பு. நான் மீன்கொத்தியை நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டேன்.

பிறகு சின்னக் கேமராவை அக்காவிடம் நீட்டினான். அக்கா பார்த்தாள். அரிசி மூட்டைகளுக்கு நடுவே அத்தான், வாய் நிறையச் சிரிப்பு, மேல் பட்டன் திறந்திருக்கிறது. அவர் தோளைப் பிடித்தபடி அக்கா, அவளும் அதே சிரிப்பு. ஓரத்தில் நான். மூக்கு சிவந்து, கை ஓங்கி, வாய் பிளந்து, அசல் கொக்கு.

அக்கா கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். பிறகு, “இது மதி” என்றாள்.

“நான் அசிங்கமா இருக்கேன்க்கா. கம்ப்யூட்டர்ல என்னை வெட்டிடலாம், ரெண்டு நிமிஷ வேலை.”

“போ ஏட்டி. நீ இல்லாட்டி அந்த மனுஷன் எதுக்குச் சிரிக்கப் போறாரு? இரிக்கட்டும்.”

நிச்சயதார்த்தத்தில் அவர்கள் எதற்குச் சிரித்தார்கள் என்று எனக்கு இதுவரை தெரியாது. அன்றும் நான் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஏதாவது கூத்தடித்திருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது. மூன்று வருடமாகத் தொண்டையில் நின்றது அங்கேயே, அந்த அரிசிக்கடையிலேயே இறங்கியது.

ஷிபுவே படத்தைப் பெரிதாக அச்செடுத்துச் சட்டம் போட்டுக் கொடுத்தான். அத்தான் தன் கையாலேயே காலண்டரைக் கழற்றினார். “இனிமே தேதி பாக்க அடுக்களைக்குப் போகணும்” என்று முணுமுணுத்துக்கொண்டே படத்தை ஆணியில் மாட்டி, நாலு அடி பின்னால் வந்து, சாய்ந்திருக்கிறதா என்று பார்த்தார். கூடவே என்னையும் பார்த்தார். “எந்தக் கேமரா ஜெயிச்சது, கேட்டியா?”

“அரிசி தின்ன கேமராதான். ஒத்துக்கறேன்” என்றேன். வளைகாப்புப் படங்கள் எல்லாம் என் பீரங்கி எடுத்தவை என்பதையும், அவற்றை ஊரெல்லாம் அனுப்பியது நித்யாவின் ஃபோன் என்பதையும் சொல்லிவைத்தேன். அவர் காதில் விழவில்லை.

மாலை ஸ்டேஷனுக்கு அக்கா வந்தாள். பை நிறையப் போளி, ஒரு டப்பா சிப்ஸ். ஜன்னலோரம் உட்கார்ந்தேன். குழந்தை பிறந்ததும் எந்தக் கேமராவோடு வருவாய் என்று கேட்டாள். எதையும் கொண்டுவரமாட்டேன், முதலில் கை நிறையக் குழந்தையைத் தூக்குகிறேன், படத்தை ஷிபு எடுக்கட்டும் என்றேன். அவள் சிரித்தாள். வண்டி நகர்ந்தது. பிளாட்பாரத்தில் இரண்டு அடி கூடவே நடந்து வந்து, கையைத் தூக்கி, “காணாம்ட்டி!” என்றாள்.

“காணாம்க்கா!” என்று கத்தினேன். எதிர் சீட்டில் இருந்த மதுரைக்காரர் ஒருவர் பதறிப்போய் சீட்டுக்கு அடியில் குனிந்து தேட ஆரம்பித்தார்.